ஆறுக்கு நாலடி அரண்மனை

எங்கள் சங்கத்தில் நாடகம் போடுவதென்றால் முதலில் சீன்களை எண்ணுவார்கள், நடிகர்களை அப்புறம்தான். தர்பார், தெரு, காடு, பூங்கா, சிறைச்சாலை என்று மொத்தம் ஐந்து துணித் திரைகள். மதராஸில் எழுதி வாங்கிக் கப்பலில் வந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு எழுத்தில் ‘உபயம்’ என்று போட்டு, வாங்கிக் கொடுத்த கடையின் பெயர் இருக்கும். பூங்கா ஒரு ஜவுளிக்கடை. காடு ஒரு மளிகைக்கடை. சிறைச்சாலை ஒரு நகைக்கடை, ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நாடகத்தன்று அந்தக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கதை எதுவாக இருந்தாலும் சரி, அவரவர் சீன் ஒரு தடவையாவது இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் மறுநாள் எங்கள் செயலாளர் அந்தக் கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அதனால் எங்கள் நாடகங்களில் ராஜாக்கள் காரணமே இல்லாமல் பூங்காவுக்குப் போவார்கள்.

இந்த வழக்கத்தை உடைத்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்போது எனக்கு இருபத்தொரு வயது, இப்போது இருபத்து மூன்று, அடக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

சிங்கப்பூர் தனி நாடான மறு வருஷம் அது. நான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். சங்கத்தில் வழக்கமாக நாடகத்தை இயக்குகிறவர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார், திரும்பி வருகிற மாதிரி தெரியவில்லை. செயலாளர் சிராங்கூன் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், அப்பாவுக்கு வேண்டியவர். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ஒம் பொண்ணு யூனிவர்சிட்டியில டிராமாதான படிக்குது, வந்து கொஞ்சம் பாக்கச் சொல்லேன்" என்றார். யாராவது வசனம் மறந்தால் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டார். நான் போன முதல் நாளே ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை.

நாடகம் புதிதல்ல. இருபது வருஷமாகச் சங்கம் திரும்பத் திரும்பப் போட்டுவந்த பழைய சோக நாடகம். எழுதியவர் யாரென்றுகூடத் தெரியாது, ஒரு நீளமான நோட்டில் கைமாறிக் கைமாறி வந்தது. ஒரு ராஜா. யாரோ தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று அவனுக்குப் பயம். முதலில் கோட்டை வாசலை அடைக்கிறான். பிறகு அரண்மனை வாசல். பிறகு அந்தப்புரம். இப்படி ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஓர் அறைக்குள் சிம்மாசனத்தோடு உட்கார்ந்திருக்கிறான். காயம்பட்ட மகன் வெளியே நின்று கதவைத் தட்டுகிறான். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அப்பன் திறப்பதில்லை. தட்டுகிற சத்தம் நின்ற பிறகுதான் திறக்கிறான். தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதை மனப்பாடம். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அழுவார்கள்.

இவ்வளவு நல்ல கதையில், அறைக்குள் அடைபட்ட ராஜா சாவதற்கு மட்டும் காட்டுக்கு ஓடுவார். மளிகைக்கடை சீன் இன்னும் இறங்கவில்லையே.

ஊருக்குப் போன இயக்குநர்தான் எப்போதும் ராஜாவாகவும் நடிப்பார். அவர் போனதும் அந்த வேஷம் ஓர் அச்சுக்கோப்பவருக்குக் கிடைத்தது. டன்லப் தெருப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில், எழுத்துப் பெட்டிகள் அடுக்கிய இரண்டு அலமாரிகளுக்கு நடுவே காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்று எழுத்துக் கோப்பவர். நாற்பது வயது. ஒன்பது வருஷமாக இதே நாடகத்தில் காவலனாக நடித்தவர். சிம்மாசனத்துக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான், பேச ஒரு வரி கிடையாது. நின்று நின்றே ராஜாவின் வசனம் முழுக்க அவருக்குப் பாடமாகிவிட்டது. இடம் காலியானதும் செயலாளரிடம் போய், "ஒரு தடவ எனக்குக் குடுத்துப் பாருங்கண்ணே" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வாய்விட்டு எதையும் கேட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. செயலாளரால் மறுக்க முடியவில்லை.

ஒத்திகையில்தான் வினை தெரிந்தது. குரல் இருந்தது, வசனம் இருந்தது, உடம்பு ராஜாவுடையதாக இல்லை. தர்பார் சீனில் முப்பது தூண்கள் எழுதியிருக்கும். அத்தனை தூணுக்கும் முன்னால், அவ்வளவு அகல மேடையில், முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு அவர் நிற்பார். நடக்கும்போது ஒரு தோளைச் சாய்த்து, நெரிசலுக்குள் நுழைந்து போகிற மாதிரி நடப்பார். "மந்திரி, என் எல்லை எதுவரை?" என்று கேட்டுக் கையை அகல விரிக்க வேண்டிய இடத்தில் விரல்கள் மட்டும் விரிந்தன.

"ராஜா, தேக்காவுக்கு ஒரு டிக்கெட்டு" என்றான் பின்னாலிருந்து ஒரு காவலன். பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கிறார் என்று அர்த்தம். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், இருந்ததையும் கெடுத்தேன். தினமும் சாயங்காலம் அவரை ஃபேரர் பார்க் திடலுக்கு வரச்சொல்லி, இந்தக் கோல் கம்பத்திலிருந்து அந்தக் கோல் கம்பம்வரை கைவீசி நடக்கவிட்டேன்.

"இன்னும் பெருசா நடங்கண்ணே. இந்தத் திடலே ஒங்களோடதுன்னு நெனச்சுக்குங்க."

"எப்படித் தங்கச்சி நெனைக்கிறது? பந்து வந்து தலையில விழுது."

"ராஜா மேல பந்து விழுமா?"

"இந்த ராஜா மேல விழுது."

ஆறு நாள் நடந்தார். திடலில் இருந்ததைவிட மேடையில் இன்னும் ஒடுங்கினார். ஏழாம் நாள் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நல்ல மனுஷன்தான், நான் இல்லேங்கல. ஆனா ராஜா இல்ல லா. காத்தோங்ல ஒரு கிராணி இருக்காரு, யாழ்ப்பாணத்துக்காரரு, துறைமுகத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற வேல. வாயத் தொறந்தாருன்னா கடல் வரைக்கும் கேக்கும். அடுத்த சனிக்கிழம வரச் சொல்லிட்டேன்."

"அண்ணன்கிட்ட யாரு மாமா சொல்றது?"

"நீதான். நடுவுல நாற்காலி போட்டு ஒக்காந்திருக்கேல்ல?"

வாதாடி வாதாடி ஒரு வாரம் தவணை வாங்கினேன். சனிக்கிழமை ஒத்திகையில் செயலாளர் கண்ணுக்கு அச்சுக்கோப்பவர் ராஜாவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர் மறுபடியும் சிம்மாசனத்துக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், அதை நானே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. உண்மையைச் சொல்கிறேன், சனிக்கிழமைவரை அவரை இழுத்தடிப்பானேன், இன்றைக்கே சொல்லிவிடலாம் என்ற முடிவோடுதான் அவர் இருக்கும் இடத்துக்குக் கிளம்பினேன். ஒரு கடைவீட்டின் மேல்மாடி. கீழே மிளகாய் அரைக்கிற மில், படியேறும்போதே இரண்டு தும்மல். ஒரு பெண்பிள்ளை ஏறி வருவதைப் பார்த்ததும் மாடியில் நாலைந்து பேர் சட்டையைத் தேடி ஓடினார்கள்.

"யாரப் பாக்கணும்மா?"

"ராஜாவ."

அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. "கடைசித் தடுப்பு" என்று ஒருவர் கைகாட்டினார்.

மாடி முழுவதையும் பலகையால் தடுத்துத் தடுத்துப் பிரித்திருந்தார்கள். கடைசித் தடுப்பில் வாசலுக்குப் பதில் இடுப்பில் கட்டுகிற ஒரு சாரத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓரமாக விலக்கிப் பார்த்தேன். ஆறடிக்கு நாலடி இருக்கும். அதில் முக்கால்வாசியைக் கட்டில் பிடித்துக்கொண்டது. கட்டிலில் வேறொருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஒரு கிடங்கில் ராத்திரி ஜாகா வேலை பார்ப்பவர். பகலில் கட்டில் காவல்காரருக்கு, இரவில் அச்சுக்கோப்பவருக்கு என்று இருவரும் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே சட்டம். எங்கள் ராஜா கட்டிலின் கால்மாட்டில் ஒரு தகரப் பெட்டிமேல், முழங்காலை மடக்கி, எனக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சியைப் பேசிக்கொண்டிருந்தார்.

தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாதே என்று மூச்சுக்காற்றிலேயே பேசினார். "கதவைத் தொடாதே. தொட்ட கை யாருடையதாக இருந்தாலும் அது என்னுடையது." இந்த வரியை இருபது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தித்தான் கேட்டிருக்கிறோம். அவர் அதை ரகசியமாகச் சொன்னார். பேசிக்கொண்டே எழுந்தார். கட்டிலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதில் உடம்பைத் திருப்பி, கட்டிலில் படாமல், பலகையில் உரசாமல், மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல் நடந்தார். பார்க்காமலே கையை நீட்டி ஆணியில் தொங்கிய துண்டை எடுத்தார், அது வாள். அந்த இடத்தில் ஒவ்வோர் அங்குலமும் அவருக்கு அடங்கிக் கிடந்தது. அப்படி ஒரு ராஜாவை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து வெளியே வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம்.

"எத்தன வருஷமாண்ணே இங்க ரிகர்சல்?"

"ஒம்பது. அவரு எட்டு வருஷமாத் தூங்குறாரு."

"மேடையில ஏன் இப்படிப் பண்ண மாட்டேங்கிறீங்க?"

"அங்க எடம் ரொம்ப இருக்கு தங்கச்சி. எங்க நிக்கிறதுன்னு தெரியல." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "என்னைய மாத்தத்தான வந்தீங்க? காத்தோங்காரரு வர்றாருன்னு பேசிக்கிறாங்க."

"சொல்லத்தான் வந்தேன். இப்ப சொல்றதா இல்ல."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த மாதம்தான் வகுப்பில் பழைய சோக நாடகங்களில் இடத்துக்கும் பாத்திரத்துக்கும் உள்ள உறவு பற்றிப் பதினைந்து பக்கம் எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியிருந்தேன். கோட்டை என்பது ராஜாவின் மனம், வெட்டவெளி என்பது அவன் தொலைத்த புத்தி என்று வெளுத்துக் கட்டியிருந்தேன். ஒரு மனிதன் இருக்கும் இடம் அவன் முழங்கைக்குள், தோளுக்குள், அவன் குரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அந்தப் பதினைந்து பக்கத்தில் ஒரு வரி இல்லை. இந்த நாடகத்து ராஜாவே இடத்தைக் குறைத்துக் குறைத்துத் தன்னை ஒரு பொந்துக்குள் அடைத்துக்கொண்டவன். அவனை வாழத் தெரிந்த ஒருத்தரைக் கையில் வைத்துக்கொண்டு நான் திடலில் கைவீசக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு சுண்ணக்கட்டியோடு சங்கத்து மேடையில் ஏறினேன். முதல் காட்சிக்கு முழு மேடை. அடுத்ததற்கு இருபது அடி. அடுத்து பன்னிரண்டு. கடைசிக் காட்சிக்கு, மேடையின் நடுவில் மேலிருந்து தொங்கும் ஒரே மைக்குக்கு நேர் கீழே, ஆறுக்கு நாலு. அதற்குள் சிம்மாசனத்தை வைத்தேன். ராஜா நடமாட மிஞ்சியது ஒரு முழம்.

செயலாளர் சுண்ணக்கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது என்னது, கோழிக்கூடா?"

"அரண்மனை மாமா."

"என் அஞ்சு சீனு?"

"அஞ்சும் மொதக் காட்சியிலயே எறங்குது. ராஜா தன் நாட்ட நமக்குக் காட்டுறாரு. இது என் தெரு, இது என் காடு, இது என் பூங்கான்னு ஒவ்வொண்ணா எறங்கும். அவரு ஓரமா ஒரே எடத்துல நிப்பாரு, நடக்கவே வேணாம். சீனுக்கு முன்னால வேற ஒரு ஆளு கெடையாது. அடியில இருக்குற பேர எல்லாரும் நிதானமாப் படிக்கலாம்."

அதுவரை ஒவ்வொரு நாடகத்திலும் அந்தப் பெயர்களை நடிகர்களின் கால்கள்தான் மறைத்துக்கொண்டிருந்தன. செயலாளர் முகம் மாறியது.

"ஆளே நிக்க மாட்டாங்களா?"

"ஒரு காலு நிக்காது."

"அப்புறம்?"

"அப்புறம் மேல போனா போனதுதான். திரும்பி வராது. பின்னால கறுப்புத் துணி மட்டும். சாகுறதுக்குக் காட்டுக்கும் போக மாட்டாரு."

"காட்டுக்குப் போகலேன்னா எங்க சாவாரு?"

"அங்கயே."

நாடியைத் தடவினார். "சனிக்கிழம பாத்துச் சொல்றேன்" என்றார். "ராஜா விஷயம் அப்படியேதான் இருக்கு, மறந்துடாத."

சனிக்கிழமை காத்தோங்காரர் வெள்ளைக் கால்சட்டை, கையில் குடையோடு சரியான நேரத்துக்கு வந்து, செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆரம்பித்தோம். முதல் காட்சியில் அச்சுக்கோப்பவர் நான் சொன்ன இடத்தில் அசையாமல் நின்றார், நாடு அவர் முன்னால் வந்து வந்து போனது. சுமார்தான். இருபது அடியில் கொஞ்சம் தேறினார். பன்னிரண்டு அடிக்கு வந்ததும் காவலர்களின் கிசுகிசு நின்றது. கடைசிக் கட்டத்துக்குள் கால் வைத்தபோது அவர் வேறு ஆள். சிம்மாசனத்தின் கைப்பிடிக்கும் சுண்ணக்கோட்டுக்கும் நடுவே உடம்பைத் திருப்பி அவர் நடந்த நடையில், அந்தக் கோட்டுக்கு மேல் நிஜமாகவே சுவர் எழும்பியது. ரகசியமாகப் பேசினார். மைக் அதை வாங்கி எல்லார் காதிலும் தனித்தனியாகப் போட்டது.

முடிந்தது. காத்தோங்காரர்தான் முதலில் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உவர் இருக்கேக்க என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"கூப்பிட்டது மாமாங்க."

"சரி விடுங்கோ. ராசா வேசம் எனக்கு வேண்டாம். ஆனா வெளியில நிண்டு கூப்பிடுற மகன்ர குரல் காணாது, எடுபடேல்லை. அதை என்னட்டைத் தாங்கோ."

"மகனுக்குப் பதினெட்டு வயசுங்க."

"எனக்கு அம்பத்தொண்டு. கதவுக்குப் பின்னால ஆருக்குத் தெரியும்?"

செயலாளர் அப்போதுதான் வாயைத் திறந்தார். அச்சுக்கோப்பவரைப் பார்த்து, "கிரீடம் தலைக்குச் சரியா இருக்கா, இல்ல, தையக்காரர்கிட்டக் குடுத்துச் சின்னதாக்கணுமா?" என்றார். அவர் பாணியில் அதுதான் தீர்ப்பு.

நாடகம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. ஐந்து சீனும் ஒவ்வொன்றாக இறங்க இறங்க முன்வரிசையில் ஒவ்வொரு குடும்பமாகக் கைதட்டியது. ஜவுளிக்கடைக்காரர் தன் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிக் காட்டினார். சீன்கள் மேலே போன பிறகு திரும்பி வரவில்லை என்பதை அவர்கள் கவனிக்கவே இல்லை. கவனிக்க எங்கள் ராஜா விடவில்லை.

கடைசிக் காட்சிக்குக் காத்தோங்காரரை நான் மேடைக்குப் பின்னால் நிறுத்தவில்லை. மண்டபத்துக்கு வெளியே, பார்வையாளர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய கதவருகே அனுப்பினேன். இதுவும் என் யோசனைதான், எழுதிக்கொள்ளுங்கள். ராஜா ஆறுக்கு நாலுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்க, எல்லாருக்கும் பின்னாலிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. "அப்பா" என்று அந்தக் கடல் குரல் கூப்பிட்டது. முந்நூறு தலைகள் திரும்பின. பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்துபோய்க் கதவைத் திறக்கப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ராஜா எழுந்திருக்கவில்லை. தட்டல் மெலிந்து, நின்றது. அப்புறம்தான் அவர் எழுந்து, சிம்மாசனத்தைச் சுற்றி அந்த ஒரு முழத்தில் பக்கவாட்டில் நகர்ந்து, இல்லாத தாழ்ப்பாளை நீக்கினார். முன்னால் மண்டபம் முழுக்க இடம் கிடந்தது. அவரால் சுண்ணக்கோட்டைத் தாண்ட முடியவில்லை. ஒரு காலைத் தூக்கினார். வைக்க இடம் தெரியாமல் மறுபடியும் உள்ளேயே வைத்தார். விளக்கை அணைத்தோம்.

யாரும் கைதட்டவில்லை. பயந்துபோனேன். பிறகு தட்ட ஆரம்பித்தார்கள், நிறுத்தவே இல்லை.

வேஷம் கலைக்கும் இடத்துக்கு, கட்டிலைப் பங்கு போடும் அந்த ஜாகா வந்திருந்தார். நாடகம் பார்க்க வேலையை வேறொருவரோடு மாற்றிக்கொண்டாராம். கண்கள் சிவந்திருந்தன.

"எட்டு வருஷமா என் கால்மாட்டுல இதையாப்பா பேசிக்கிட்டிருந்த?"

"தூக்கம் கெட்டுச்சாண்ணே?"

"இதுவரைக்கும் இல்ல. இனிமேதான் கெடப்போவுது."

திங்கட்கிழமை காலையில் நேவல் பேஸிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அங்கே வேலை செய்கிற நம் ஆட்களுக்காக அவர்கள் மண்டபத்திலும் இதே நாடகத்தைப் போட வேண்டும், வருகிற சனிக்கிழமை மத்தியானமே வேண்டும். செயலாளர் உடனே அச்சுக்கோப்பவரைத் தன் பாத்திரக்கடைக்கு வரச்சொன்னார், என்னையும்தான். சனிக்கிழமை அச்சகத்தில் வேலை நாள். "நான் ஒன் மொதலாளிகிட்டப் பேசவா?" என்று கேட்டார் செயலாளர்.

"வேணாண்ணே" என்று அச்சுக்கோப்பவர் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பித்தளைக் குடங்களுக்கு நடுவே நின்று எண்ணைச் சுழற்றினார்.

"மொதலாளி, நான்தான் பேசுறேன். சனிக்கிழம வர முடியாது. இல்ல, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நேவல் பேஸ்ல நாடகம். ஆமா, அதே நாடகந்தான். பாத்தீங்களா? குடும்பத்தோடவா?"

அந்தப் பக்கம் முதலாளி நீளமாக ஏதோ சொன்னார். எங்கள் ஆள் கேட்டுக்கொண்டே நின்றார், முதுகு நிமிர்ந்துகொண்டே போனது. எத்தனையோ வருஷமாகத் தன்னிடம் வேலை பார்க்கிறவரை வேஷத்தில் அந்த முதலாளிக்கு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது.

"இல்ல மொதலாளி, காவலன் இல்ல" என்றார். "அந்த ராஜா. அது நான்தான்."